வாபஸ் வாங்க வேண்டியவர் யார்?

பட்டாளத்தில் உடல் கெட்டு ஊர் திரும்பிய சிப்பாய், ஊன பென்ஷன் கேட்டு மனுப் போடுகிறார். மனு தள்ளுபடியாகிறது. அப்பீல் செய்கிறார். அதுவும் தள்ளுபடியாகிறது. டிரிபியூனலுக்குப் போகிறார். வாய்தாவுக்கு மேல் வாய்தா. கடைசியில் ஒரு நாள், தீர்ப்பு வருவதற்கு முன்பே, "எனக்கு இந்த வழக்கு வேண்டாம்" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

அவரை யாரும் கோர்ட்டில் தோற்கடிக்கவில்லை. களைப்பு அவரைத் தோற்கடித்துவிட்டது. தீர்ப்பில் தோற்றவனுக்கு எந்தக் காரணத்தால் தோற்றோம் என்றாவது தெரியும், மேலே போகவும் வழி உண்டு. தானாக வாபஸ் வாங்கியவனுக்கு இரண்டும் இல்லை. எதிர்த்தரப்பு ஒரு வார்த்தை பேசாமலே ஜெயித்துவிடுகிறது.

இது ஏதோ பட்டாளத்துக்காரர்களின் விவகாரம், நமக்கென்ன என்று ஆலைத் தொழிலாளியோ விவசாயத் தொழிலாளியோ ஒதுங்கிவிட முடியாது. பட்டாளத்துக்குப் போகிறவர்கள் யார்? உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்து வானம் பார்த்த பூமியில் கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிறையாவிட்டால் மதுரையில் ஆலை வேலை, திருப்பூரில் பனியன் வேலை, அல்லது பட்டாளம். ஒரே வீட்டில் ஒருவர் ஸ்பின்னிங் மில்லில், ஒருவர் கரும்பு வெட்டில், ஒருவர் எல்லையில் நிற்பது நம் கிராமங்களில் சாதாரணக் காட்சி. சிப்பாய் என்பவர் காக்கிச் சட்டை போட்ட உழைப்பாளி. அவருடைய ஊன பென்ஷன் என்பது இயந்திரத்தில் கை இழந்த தொழிலாளியின் நஷ்டஈட்டுக்கு உடன்பிறந்த உரிமை.

பென்ஷன் சர்க்கார் போடும் பிச்சையல்ல. செய்த வேலைக்காகப் பெறும் உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 1982 டிசம்பர் 17-ல் நகரா வழக்கில் அறுதியிட்டுச் சொல்லிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த உரிமையைக் கையில் வாங்குவதற்குச் சிப்பாய் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. இது எப்படி நேர்ந்தது?

ஏன் கைவிடுகிறார்கள்?

பாதையைப் பாருங்கள். சிப்பாயை வெளியே அனுப்பும்போது மெடிக்கல் போர்டு உட்காருகிறது. "நோய் இருக்கிறது, ஆனால் அது ராணுவ வேலையால் வந்ததும் அல்ல, வேலையால் முற்றியதும் அல்ல" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், பென்ஷன் கிடையாது. அதை எதிர்த்து முதல் அப்பீல், அதன்மேல் இரண்டாவது அப்பீல். இரண்டும் ராணுவ நிர்வாகத்துக்குள்ளேயே நடப்பவை. அதன் பிறகுதான் ராணுவ டிரிபியூனல். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்த டிரிபியூனலின் பெஞ்சு நமக்குச் சென்னையில் இருக்கிறது. மதுரைக்கும் சென்னைக்கும் இடையே 450 கிலோமீட்டருக்கு மேல்.

கால் ஊன்ற முடியாதவர், வலிப்பு நோய் கண்டவர், நெஞ்சுவலிக்காரர் ஒவ்வொரு தவணைக்கும் ராத்திரி ரயிலேறிப் போக வேண்டும். துணைக்கு ஒரு ஆள் போக வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. வரும் கடிதங்கள் ஆங்கிலத்தில், அல்லது இந்தியில். படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். இதற்கிடையே, "வழக்கு நடத்தினால் வாங்குகிற பென்ஷனும் நின்றுவிடும்" என்று பயமுறுத்துகிறவர்களுக்கும் குறைவில்லை. இது சுத்தப் புளுகு. உரிமை கேட்டு வழக்குப் போட்டான் என்பதற்காக வாங்கிக்கொண்டிருக்கும் பென்ஷனை நிறுத்த எந்த விதியும் கிடையாது.

"போகட்டும் விடு, இருக்கிறதை வைத்துப் பிழைப்போம்" என்று வீட்டில் சொல்லுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்பதை ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

வாபசின் விலை

முதல் விஷயம். வழக்கை வாபஸ் வாங்குவதில் இரண்டு வகை உண்டு. "மீண்டும் தொடுக்க அனுமதியுடன்" வாபஸ் வாங்குவது ஒன்று. வெறுமனே வாபஸ் வாங்குவது மற்றொன்று. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆவது கட்டளை சொல்லுவது இதுதான்: கோர்ட்டின் அனுமதி பெறாமல் வாபஸ் வாங்கினால், அதே விஷயத்துக்காக மறுபடி வழக்குப் போட முடியாது. ஹைகோர்ட்டில் போடும் ரிட் மனுவுக்கும் இதே கொள்கை பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட் 1986-ல் சர்குஜா டிரான்ஸ்போர்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. மனுவில் ஒரு குறை இருக்கிறது, ஒரு தஸ்தாவேஜு விட்டுப்போயிற்று, கீழே செய்ய வேண்டிய அப்பீலைச் செய்யாமல் வந்துவிட்டோம் என்றால் வாபஸ் வாங்குவது தவறல்ல. சில சமயம் அதுவே புத்திசாலித்தனம். ஆனால் அந்த அனுமதி வரி உத்தரவில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் கோர்ட்டை விட்டு வெளியே வரக்கூடாது. ஒரு வரி விட்டுப்போனால் ஒரு ஆயுளின் பென்ஷன் போகக்கூடும்.

இரண்டாவது விஷயம் பாக்கித்தொகை. ஊன பென்ஷன் மாதந்தோறும் வரவேண்டியது. மறுக்கப்படும் ஒவ்வொரு மாதமும் அநீதி புதிதாகப் பிறக்கிறது. ஆகவே காலம் கடந்து வந்தாலும் கோரிக்கையை அடியோடு தள்ளிவிட முடியாது என்று 2008 ஆகஸ்டில் தர்சேம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நல்லதுதான். ஆனால் அதே தீர்ப்பு பாக்கித்தொகைக்கு ஒரு வேலி போட்டது. வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுகளின் பாக்கிதான் கிடைக்கும்.

இதைக் காசுக் கணக்கில் பார்ப்போம். நூறு சதவீத ஊனத்துக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பங்காகத் தரவேண்டும் என்பது கணக்கு. ஊனம் குறைந்தால் அந்த விகிதத்தில் தொகையும் குறையும். 20 சதவீதத்துக்குக் குறைந்த ஊனத்துக்குப் பென்ஷன் இல்லை. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீத ஊனத்துக்கு மாதம் 2,400 ரூபாய். ஆனால் 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்ற முறை 1996-ஆம் ஆண்டிலிருந்து அமலுக்கு வந்தது. அதன்படி இந்தச் சிப்பாய்க்கு மாதம் 6,000 ரூபாய். அதற்கு மேல் பஞ்சப்படி.

இவர் இன்று வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு, பத்து ஆண்டு கழித்துக் கஷ்டம் முற்றியபின் மறுபடி கோர்ட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுவழக்குக்கு இடம் கிடைத்து அவர் ஜெயித்தால்கூட மூன்று ஆண்டுப் பாக்கிதான். ஏழு ஆண்டுப் பணம் போயிற்று. பஞ்சப்படியைச் சேர்க்காமலே 5,04,000 ரூபாய்! கிராமத்தில் ஒரு குடும்பம் கடனை அடைத்து, ஒரு பெண்ணைப் படிக்க வைத்து, கூரையை மாற்றி ஓடு போடக்கூடிய பணம். ஒரு கையெழுத்தில் இது சர்க்காரின் கஜானாவிலேயே தங்கிவிடுகிறது.

மூன்றாவது விஷயம். "எனக்குப் பிறகு யார் நடத்துவது?" என்று வயதானவர்கள் கேட்கிறார்கள். வழக்குத் தொடுத்தவர் கண்ணை மூடினாலும், அவருக்குச் சேரவேண்டிய பாக்கிக்காக மனைவி மக்கள் காலத்தில் மனுச் செய்து வழக்கைத் தொடரலாம். வாபஸ் வாங்கிய வழக்கை யார் தொடர்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் சிப்பாய்க்கு எதிராக இருக்கிறது என்று நினைத்துத்தான் பலர் மனம் தளருகிறார்கள். உண்மை நேர்மாறானது.

தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-ல் சிக்னல் படையில் சேர்ந்தார். வலிப்பு நோய் கண்டது. 20 சதவீத ஊனம் என்று சொல்லி 1994 ஏப்ரலில் அவரை வெளியே அனுப்பினார்கள். "பிறவிக்கூறு, வேலைக்குச் சம்பந்தமில்லை" என்று பென்ஷனை மறுத்தார்கள். ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி அவருக்குச் சாதகமாகச் சொன்னார். டிவிஷன் பெஞ்சு அதை ரத்து செய்தது. அங்கேயே அவர் "போதும்" என்று உட்கார்ந்திருந்தால்? அவர் உட்காரவில்லை. 2013 ஜூலை 2-ல், வெளியே அனுப்பப்பட்ட பத்தொன்பதாவது ஆண்டில், சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பின் சாரம் எவருக்கும் விளங்கக் கூடியது. ஆளை எடுக்கும்போது மார்பை அளந்து, பல்லைப் பார்த்து, ஓடவிட்டு, ஆரோக்கியமானவன் என்று முத்திரை குத்தி எடுத்தீர்கள். அப்போது நோய் இருந்ததாக ஒரு குறிப்பும் எழுதவில்லை. வேலையில் இருந்தபோது அவன் உடல் கெட்டிருந்தால் அது வேலையால் கெட்டது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் சர்க்காருடையது, சிப்பாயுடையதல்ல. சந்தேகம் எழுந்தால் அதன் பலன் சிப்பாய்க்கே.

இந்தக் கொள்கை 1982-ஆம் ஆண்டு விதிகளின் மேல் எழுந்தது. சர்க்கார் 2008-லும், மறுபடி 2023 செப்டம்பரிலும் விதிகளைத் திருத்தி எழுதியது. விதிகளை இறுக்கி எழுதினாலும், மெடிக்கல் போர்டு தகுந்த காரணம் காட்டாமல் கைகழுவ முடியாது என்று டில்லி ஹைகோர்ட் 2025-ல் சொல்லியிருக்கிறது. "எல்லையில் இல்லை, அமைதியான இடத்தில் இருந்தபோதுதான் நோய் வந்தது" என்ற சால்ஜாப்பும் செல்லாது என்று சொல்லியிருக்கிறது.

டிரிபியூனலில் தோற்றாலும் கதவு அடைபடவில்லை. டிரிபியூனல் தீர்ப்பின் மேல் ஹைகோர்ட்டில் ரிட் மனுப் போட முடியாது என்றொரு நிலை 2015-ல் ஏற்பட்டிருந்தது. சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால் ஒரு ஏழைச் சிப்பாய் எங்கே போவார்? 2023 மார்ச் 21-ல் சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஹைகோர்ட்டின் அதிகாரத்தைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

சர்க்காரின் அப்பீல்கள்

அப்படியானால் சிப்பாய் ஜெயித்ததும் பணம் வந்துவிடுகிறதா? வருவதில்லை. இப்போது அப்பீல் செய்வது சர்க்காரின் முறை!

ஊன சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடும் சலுகை, உடல்நலக் கேட்டினால் பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான். பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்குக் கிடையாது என்று சர்க்கார் வாதாடியது. காலைக் கெடுத்துக்கொண்டும் கடைசி நாள் வரை வேலை செய்தவனுக்குத் தண்டனை! டிரிபியூனல்கள் இதை ஏற்கவில்லை. உடனே சுப்ரீம் கோர்ட்டில் சர்க்கார் அப்பீல்களைக் குவித்தது. 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் 880-க்கு அருகே அப்பீல்கள் ஒன்றாகத் தள்ளுபடியாயின. அத்தனை சிப்பாய்களும் டில்லியில் வக்கீல் வைக்க வேண்டியிருந்தது, அல்லது வைக்க வழியின்றித் தவிக்க வேண்டியிருந்தது. சர்க்கார் செலவழித்தது யாருடைய பணம்? அந்தச் சிப்பாயும் நாமும் கட்டிய வரிப்பணம்!

2015-ல் அன்றைய ராணுவ மந்திரி மனோகர் பாரிக்கர் ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். அந்த ஆண்டு நவம்பரிலேயே குழு அறிக்கை தந்தது. முடிந்துபோன சட்டப் பிரச்னைகளில் ஊனமுற்ற சிப்பாய்களுக்கு எதிராகப் போட்ட அப்பீல்களை சர்க்கார் வாபஸ் வாங்க வேண்டும் என்பது அதன் சிபாரிசுகளில் ஒன்று. சர்க்கார் தானே அமைத்த குழு, தானே கேட்ட யோசனை!

அதன் பிறகு என்ன நடந்தது? கட்டுப்பாட்டு எல்லையில் கடுங்குளிரில் ரோந்து போன ஒரு சிப்பாய் 2013 ஜனவரியில் நெஞ்சு நின்று மாண்டார். அவர் மனைவிக்கு உயர்ந்த விகிதக் குடும்பப் பென்ஷன் தரவேண்டும் என்று டிரிபியூனல் 2019-ல் உத்தரவிட்டது. சர்க்கார் அந்த விதவையையும் சுப்ரீம் கோர்ட்டுக்கு இழுத்தது. 2024 டிசம்பரில் அப்பீல் தள்ளுபடியானதோடு, சர்க்கார் அந்தப் பெண்ணுக்கு 50,000 ரூபாய் செலவுத்தொகை கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. அத்துடனாவது நின்றதா? 2025 ஜூலையில், ஊன பென்ஷன் உத்தரவுகளை எதிர்த்து மத்திய சர்க்கார் போட்டிருந்த ஏறக்குறைய 300 மனுக்களை டில்லி ஹைகோர்ட் தள்ளுபடி செய்தது.

முந்நூறு மனுக்கள் என்றால் முந்நூறு குடும்பங்கள். ஜெயித்த பிறகும் காத்திருந்த குடும்பங்கள்.

சர்க்கார் தரப்பில் ஒரு வாதம் சொல்லுகிறார்கள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை வியாதி என்று சொல்லிப் பென்ஷனைப் பெருக்கிக்கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். மேல்பதவியில் இருந்தவர்களும் இதைச் செய்கிறார்கள். பொதுப்பணத்தைக் காக்க வேண்டாமா என்கிறார்கள். காக்கத்தான் வேண்டும். மோசடி எங்கே நடக்கிறதோ அங்கே கையை வையுங்கள்; மெடிக்கல் போர்டை ஒழுங்காக நடத்துங்கள். களஞ்சியத்தில் எலி இருக்கிறது என்பதற்காகக் களத்துமேட்டில் நிற்கும் கூலிக்காரனுக்கு நெல் அளக்க மாட்டேன் என்பது என்ன நியாயம்?

ஆலையிலும் வயலிலும்

இந்த நாடகம் நமக்குப் புதியதல்ல. ஸ்பின்னிங் மில்லில் விரல் போன தொழிலாளியிடமும், கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போன விவசாயத் தொழிலாளியிடமும் இதையேதான் செய்கிறார்கள். "கேஸை வாபஸ் வாங்கு, கையில் இவ்வளவு தருகிறேன், உன் மகனுக்கும் வேலை போட்டுத் தருகிறேன்" என்று காண்டிராக்டர் ராத்திரியில் வீடு தேடி வருகிறார். காலையில் கையெழுத்தாகிவிடுகிறது. மகனுக்கு வேலையும் இல்லை, கையில் வாங்கியது வைத்தியத்துக்கும் காணவில்லை.

தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற பாதுகாப்புகளை இங்கே நினைவூட்ட வேண்டும். 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்றது. 28-ஆவது பிரிவு, தொகையைப் பேசி முடித்தால் அந்த ஒப்பந்தத்தைக் கமிஷனரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை போதாது என்றாலோ மிரட்டி ஏமாற்றி வாங்கியது என்றாலோ பதிவு செய்ய அவர் மறுக்கலாம் என்றது. 30-ஆவது பிரிவு எல்லாவற்றிலும் முக்கியமானது: முதலாளி அப்பீல் செய்ய வேண்டுமானால் முதலில் நஷ்டஈட்டுத் தொகை முழுவதையும் கமிஷனரிடம் கட்டியாக வேண்டும். அந்தச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டிருக்கிறது. பெயர் மாறினாலும் இந்தப் பாதுகாப்புகளில் ஒரு எழுத்துக்கூடத் தேய விடாமல் பார்த்துக்கொள்ளுவது தொழிற்சங்கங்களின் கடமை.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. தனியார் முதலாளி பணத்தைக் கட்டிவிட்டுத்தான் அப்பீல் செய்ய வேண்டும் என்று விதித்தது சர்க்கார். அதே சர்க்கார், தன் சிப்பாய்க்குத் தரவேண்டியதை ஒரு காசும் கட்டாமல் வருஷக்கணக்கில் அப்பீல் நடத்தலாமா? விரலிழந்த தொழிலாளிக்கு ஒரு நியாயம், வீரமென்று மேடைதோறும் புகழப்படும் சிப்பாய்க்கு அதைவிடக் குறைந்த நியாயமா? மாலை போட்டுப் புகழ்ந்தால் போதாது. மாதம் பிறந்தால் வரவேண்டிய பணம் வரவேண்டும்.

செய்ய வேண்டியது

சர்க்காரிடம் நாம் கேட்பவை இவை. தீர்ந்துபோன சட்டப் பிரச்னைகளில் ஊனமுற்ற சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் எதிராக நிலுவையில் உள்ள அத்தனை அப்பீல்களையும் உடனே வாபஸ் வாங்க வேண்டும். புதிய அப்பீல் அவசியம் என்று கருதினால் டிரிபியூனல் உத்தரவிட்ட தொகையை முதலில் கொடுத்துவிட்டு அப்பீல் செய்ய வேண்டும். பென்ஷனை மறுக்கும் கடிதம் காரணங்களுடன் தமிழில் வரவேண்டும். தென் மாவட்டத்துச் சிப்பாய்களுக்காக டிரிபியூனல் தேதி குறித்து மதுரையில் அமர வேண்டும். ஹைகோர்ட்டுக்கு 2004 ஜூலையில் மதுரையில் கிளை திறக்க முடிந்ததென்றால், ஊனமுற்றவர்களின் வழக்கைக் கேட்க இங்கே ஒரு அறை கிடைக்காதா?

நம் சிப்பாய்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நாம் சொல்லுவது இது. தனியாக முடிவு செய்யாதீர்கள். யார் நீட்டினாலும் படித்துக் கேட்காத காகிதத்தில் கையெழுத்திடாதீர்கள். மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகல், மறுப்புக் கடிதம், அப்பீல் செய்த தேதி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அப்பீலுக்கு ஆறு மாதமாகியும் பதில் இல்லையென்றால் டிரிபியூனலுக்குப் போகலாம். இறுதி உத்தரவு வந்தாலும் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். காலம் கடந்திருந்தால் காரணம் காட்டிப் பொறுத்தருளக் கேட்கலாம். வக்கீல் வைக்கக் காசில்லை என்று கைவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊனமுற்றவர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளிகள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. இவர்களுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது.

தொழிற்சங்கத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. கிளைக் கூட்டத்தில் ஒரு முறை கேளுங்கள்: நம் தெருவில், நம் சேரியில், நம் ஊரில் பென்ஷன் வழக்கு நடத்துகிற முன்னாள் சிப்பாய் யார்? மனுவைப் படித்துச் சொல்ல ஒரு படித்த தோழர், தவணைக்குத் துணை போக ஒரு இளைஞர், ரயில் செலவுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். இவ்வளவு இருந்தால் வாபஸ் காகிதம் தேவைப்படாது. களைப்பு தனி ஆளைத்தான் வீழ்த்தும். பத்துப்பேர் தோள் கொடுத்தால் அதற்கு வலுவில்லை.

ஒரு வழக்கில் வாபஸ் வாங்குவதென்றால் தப்பு செய்தவன்தான் வாபஸ் வாங்க வேண்டும். சிப்பாய் உடம்பைக் கொடுத்தார்; தப்பு ஒன்றும் செய்யவில்லை. அப்பீலை வாபஸ் வாங்க வேண்டியது சர்க்கார்!